இஓபி வரும்வரை பணம் கட்டாதீர்கள்: அமெரிக்க மருத்துவ பில் பற்றிய கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மருத்துவமனை பில் பற்றியவை. கடன் நிற்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். கவர் வந்த அன்றே கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் பார்க்கிறோம். அமெரிக்க மருத்துவக் கணக்கில் அந்த நல்ல பழக்கமே நம்மை நஷ்டத்தில் கொண்டுபோய் விடுகிறது. அதனால் இம்முறை சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: என் கணவருக்கு நள்ளிரவில் கடுமையான வயிற்றுவலி. ஆம்புலன்சில் அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போனோம். அது எங்கள் காப்பீட்டின் நெட்வொர்க்கில், அதாவது காப்பீட்டு நிறுவனம் விலை பேசி ஒப்பந்தம் செய்திருக்கும் பட்டியலில், உள்ளதுதான். அன்றிரவே குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது மருத்துவமனை பில் தவிர, அவசரப் பிரிவு மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், ஆம்புலன்ஸ் என்று மூன்று பில்கள் தனித்தனியாக வந்திருக்கின்றன. மூவருமே நெட்வொர்க்குக்கு வெளியே என்கிறார்கள். மூன்றும் சேர்ந்து 6,800 டாலர். கட்டித்தான் ஆக வேண்டுமா?
வாசகி, ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

பதில்: இப்போதைக்கு ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து இஓபி, அதாவது காப்பீட்டுக் கணக்கு விளக்கத் தாள், வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'எக்ஸ்பிளனேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ்' என்ற அந்தத் தாளில் 'இது பில் அல்ல' என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததுமே பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மருத்துவமனை கேட்ட தொகை, காப்பீடு பேசி வைத்திருக்கும் விலை, காப்பீடு கொடுத்தது, நீங்கள் தர வேண்டியது ஆகிய நான்கும் அந்தத் தாளில்தான் இருக்கின்றன. நான்காவது தொகையும் பில்லில் உள்ள தொகையும் ஒத்துப்போகும் வரை உங்கள் பணம் வங்கியிலேயே இருக்கட்டும். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், இஓபி வருவதற்கு முன்பே ஒரு மருத்துவமனைக்கு முழுத் தொகையையும் கட்டிவிட்டேன். கூடுதலாகக் கட்டியதைத் திரும்பப் பெற ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் தொலைபேசியில் காத்திருந்தது இன்னும் மறக்கவில்லை.

இனி உங்கள் மூன்று பில்கள். 2022 ஜனவரி 1 முதல் 'நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்' என்ற கூட்டாட்சிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அவசர சிகிச்சை தந்த மருத்துவர் நெட்வொர்க்குக்கு வெளியே இருந்தாலும், உள்ளே இருந்திருந்தால் நீங்கள் எவ்வளவு தந்திருப்பீர்களோ அந்தப் பங்கை மட்டுமே உங்களிடம் கேட்கலாம். நெட்வொர்க் மருத்துவமனையில் வேலை செய்யும் மயக்கவியல், கதிரியக்கவியல், நோய்க்குறியியல் மருத்துவர்களுக்கும் இதே விதிதான். டிடக்டிபிள் (காப்பீடு தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை), கோபே (ஒவ்வொரு முறையும் கட்டும் நிலையான தொகை), கோஇன்சூரன்ஸ் (செலவில் உங்கள் சதவீதம்) என்று உங்கள் பங்கு எதுவோ அது போக, மீதியை அவர்களும் காப்பீட்டு நிறுவனமும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். உங்களை நடுவில் நிறுத்தக் கூடாது. சேர்க்கும்போது ஏதோ தாளில் கையெழுத்து வாங்கினார்களே என்று பயப்பட வேண்டாம். நிலைமை சீராகும் முன் தரப்படும் அவசர சிகிச்சைக்கும், மயக்க மருந்துக்கும் இந்த உரிமையை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது.

இரண்டு மருத்துவர்களின் பில் அலுவலகங்களுக்கும் சட்டத்தின் பெயரையும் கிளெய்ம் எண்ணையும் குறிப்பிட்டுக் கடிதம் எழுதுங்கள். தொலைபேசியில் மட்டும் பேசிவிட்டு விடாதீர்கள். பேசினால் தேதி, பேசியவரின் பெயர், அழைப்புக்கான குறிப்பு எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் இறங்கி வராவிட்டால் கூட்டாட்சி அரசின் உதவி எண் 1-800-985-3059 இல் புகார் செய்யலாம்.

ஆம்புலன்ஸ் கதை வேறு, வருத்தமானதும்கூட. அந்தச் சட்டம் வான்வழி ஆம்புலன்சைச் சேர்த்துக்கொண்டது, சாலையில் ஓடும் ஆம்புலன்சை விட்டுவிட்டது. உயிருக்குப் போராடும் நேரத்தில் எந்த வண்டி நெட்வொர்க்கில் இருக்கிறது என்று யார் கேட்டுக்கொண்டிருக்க முடியும்? கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி 1 முதல் இதற்கென்று மாநிலச் சட்டம் இருப்பது ஆறுதல். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய நிறுவனங்கள் பலவும் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தங்கள் சொந்தப் பணத்திலிருந்தே தருகின்றன. காப்பீட்டு நிறுவனம் கணக்கை மட்டும் பார்த்துக்கொள்கிறது. 'செல்ஃப் ஃபண்டட்' எனப்படும் இந்தத் திட்டங்கள் ஊழியர் நலத் திட்டங்களுக்கான கூட்டாட்சிச் சட்டமான 1974ஆம் ஆண்டின் எரிசாவுக்குள் வருவதால் மாநிலச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தாது. அட்டையில் பிரபல காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உங்கள் கணவரின் அலுவலக மனிதவளப் பிரிவில் கேளுங்கள். செல்ஃப் ஃபண்டட் என்றால், ஆம்புலன்சைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பே இருக்கவில்லை என்று விளக்கித் திட்டத்திடம் மேல்முறையீடு செய்யுங்கள். ஆம்புலன்ஸ் நிறுவனத்திடமும் குறைத்துத் தரும்படி கேளுங்கள். கேட்டால் குறைப்பவர்கள் உண்டு.

கேள்வி: காய்ச்சலும் வாந்தியுமாக இருந்த ஆறு வயது மகளை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். ஒரு பாட்டில் சலைன் ஏற்றி மூன்று மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். பில் 4,900 டாலர். எங்கள் டிடக்டிபிள் இன்னும் தீராததால் இஓபியும் அதே தொகையைத்தான் சொல்கிறது. எனக்குச் சென்ற மாதம் வேலை போய்விட்டது. கிரெடிட் கார்டில் போட்டுவிடலாமா?
வாசகர், பிளேனோ, டெக்சாஸ்

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். மருத்துவமனையிடம் நிற்கும் வரை அது மருத்துவக் கடன். அதற்குச் சில பாதுகாப்புகள் உண்டு. கார்டில் ஏற்றிய மறு நிமிடம் அது சாதாரண வட்டிக் கடனாகிவிடும். மருத்துவமனையிலேயே நீட்டப்படும் 'மெடிக்கல் கிரெடிட் கார்டு' இன்னும் ஆபத்து. சில மாதங்களுக்கு வட்டி இல்லை என்பார்கள். கெடுவுக்குள் முழுவதும் கட்டி முடிக்காவிட்டால் முதல் நாளிலிருந்தே வட்டி போட்டுவிடுவார்கள்.

முதலில் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாகத் தொகை போட்ட விவரமான பில் கேளுங்கள். அவசரப் பிரிவுக் கட்டணம் 99281 முதல் 99285 வரை ஐந்து படிகளாகக் குறிக்கப்படும். எண் கூடக் கூட நோயின் தீவிரமும் கட்டணமும் கூடும். சலைன் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிய குழந்தைக்கு 99285 என்று போட்டிருந்தால், அந்தப் படி எதனால் என்று எழுதிக் கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. கொடுக்காத மருந்துக்கும், ஒரே பரிசோதனைக்கு இரண்டு முறையும் பணம் கேட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அடுத்ததுதான் உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது. அந்த மருத்துவமனை லாப நோக்கற்றதா என்று விசாரியுங்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் பெரும் பங்கு அப்படிப்பட்டவை. வரிவிலக்குக்குக் கைம்மாறாக, ஏழை எளியவர்களுக்கும் நெருக்கடியில் இருப்பவர்களுக்கும் பில்லைக் குறைக்க அல்லது தள்ளுபடி செய்ய எழுத்துபூர்வமான நிதியுதவிக் கொள்கை வைத்திருக்கக் கூட்டாட்சி வரிச் சட்டம் அவற்றைக் கட்டாயப்படுத்துகிறது. முதல் பில் தேதியிலிருந்து 240 நாட்களுக்குள் விண்ணப்பிக்கலாம். முதல் 120 நாட்களுக்குள் வழக்குத் தொடரவோ கடன் வரலாற்றில் ஏற்றவோ அவர்களுக்கு அனுமதியில்லை. கூட்டாட்சி வறுமைக் கோடு 2025இல் நான்கு பேர் குடும்பத்துக்கு 32,150 டாலர். அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு வருமானம் உள்ளவர்களுக்கும் தள்ளுபடி தரும் மருத்துவமனைகள் பல. காப்பீடு இருந்தாலும் விண்ணப்பிக்கலாமா என்பதை அந்தக் கொள்கையிலேயே பாருங்கள். பல இடங்களில் முடியும். வேலை போன கடிதத்தையும் விண்ணப்பத்துடன் வையுங்கள். இலவசம் கேட்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். இது சட்டம் தரும் வழி.

தள்ளுபடி போக மீதி இருந்தால் வட்டியில்லாத மாதத் தவணை கேளுங்கள். கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றும் 500 டாலருக்குக் குறைவான மருத்துவக் கடனையும், வசூலுக்குப் போய் ஓராண்டு ஆகாததையும் அறிக்கையில் காட்டுவதில்லை. பேசித் தீர்க்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

வேலை போனதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வேலை போன பிறகும் பழைய அலுவலகக் காப்பீட்டைத் தொடர வழிசெய்யும் கோப்ரா சட்டத்தைப் பயன்படுத்த 60 நாள் கெடு, தனிநபர்கள் காப்பீடு வாங்கும் அரசுச் சந்தையில் (மார்க்கெட்பிளேஸ்) புதிய திட்டம் எடுக்கவும் 60 நாள் கெடு. கோப்ராவில் முதலாளி கட்டிய பங்கையும் சேர்த்து பிரீமியத்தில் 102 சதவீதம் வரை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: 47 வயதில் முதன்முறையாகக் கொலோனோஸ்கோபி (பெருங்குடலைக் குழாய் கேமராவால் பார்க்கும் பரிசோதனை) செய்துகொண்டேன். இலவசம் என்றார்கள். குடலில் இருந்த ஒரு சிறு பாலிப்பை (சதை வளர்ச்சியை) எடுத்ததால் அது 'சிகிச்சை' ஆகிவிட்டதாம். 1,750 டாலர் கேட்கிறார்கள்.
வாசகர், எடிசன், நியூஜெர்சி

பதில்: எந்த அறிகுறியும் இல்லாமல் தடுப்புப் பரிசோதனையாகச் செய்திருந்தால் நீங்கள் கட்ட வேண்டியதில்லை. 45 வயதிலிருந்து இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்பது 2021 முதல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவின் பரிந்துரை. 2010ஆம் ஆண்டின் அஃபோர்டபிள் கேர் சட்டப்படி, அந்தச் சட்டத்துக்கு முந்தைய பழைய திட்டங்கள் சில நீங்கலாக, நெட்வொர்க் மருத்துவரிடம் செய்தால் காப்பீடு முழுச் செலவையும் ஏற்க வேண்டும். பாலிப் எடுத்தது, மயக்க மருந்து, திசுப் பரிசோதனை எல்லாம் அதில் அடக்கம். பெரும்பாலும் தவறு குறியீட்டில்தான் இருக்கும். தடுப்புச் சேவை என்பதைக் காட்ட மருத்துவர் அலுவலகம் 33 என்ற துணை எண்ணைச் சேர்க்க வேண்டும். அதை விட்டிருப்பார்கள். திருத்தி மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

அதற்கும் காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் 180 நாட்களுக்குள் மேல்முறையீடு. அங்கும் மறுத்தால் நான்கு மாதங்களுக்குள் வெளி மறுஆய்வு கேட்கலாம். அதில் காப்பீட்டு நிறுவனத்தைச் சேராத ஒருவர் முடிவு சொல்வார், அந்த முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அரசுச் சந்தைத் திட்டங்களில் மறுக்கப்படும் கிளெய்ம்களில் நூற்றுக்கு ஒன்றுக்குக்கூட மேல்முறையீடு போவதில்லை என்று மருத்துவக் கொள்கை ஆய்வு நிறுவனமான கேஎஃப்எஃப் ஆண்டுதோறும் கணக்கிட்டுக் காட்டுகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கேள்வி: மதுரையிலிருந்து அப்பா ஆறு மாதம் எங்களோடு இருக்க வருகிறார். வயது 71, சர்க்கரை நோய் உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது. எந்தக் காப்பீடு எடுப்பது?
வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

பதில்: சுற்றுலா விசாவில் வருபவருக்கு முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கிடையாது, அரசுச் சந்தைத் திட்டமும் கிடையாது. பயணிகளுக்கான காப்பீடுதான் வழி. அதில் இரண்டு வகை உண்டு. ஒரு நாள் படுக்கைக்கு இவ்வளவு, ஒரு அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று நிலையான தொகை தருபவை விலை மலிவு. உண்மையான பில்லுக்கு முன்னால் அந்தத் தொகை யானைப் பசிக்குச் சோளப்பொரி. டிடக்டிபிள் போக, பில்லில் பெரும் பகுதியை ஓர் உச்சவரம்பு வரை ஏற்கும் விரிவான திட்டமே எடுங்கள்.

அதிலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கான வழக்கமான சிகிச்சை சேராது. அந்த நோய் எதிர்பாராமல் திடீரெனத் தீவிரமானால் மட்டும் ஏற்கும் திட்டங்கள் உண்டு. 'அக்யூட் ஆன்செட்' என்று அந்தப் பிரிவுக்குப் பெயர். அப்பாவுக்கு அந்தப் பிரிவுதான் முக்கியம். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு அதன் வரம்பு பல திட்டங்களில் சுருங்கிவிடும். விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல், ஒப்பந்தத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். புறப்படும் முன் மதுரையிலேயே இதய மருத்துவரைப் பார்த்துவிட்டு வரட்டும். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு, வாங்கிய பெட்டியிலேயே கொண்டு வரட்டும்.

சளி, காய்ச்சல் என்றால் அவசரப் பிரிவைத் தவிர்த்து, முன்பதிவின்றிச் சிறு நோய்களைப் பார்க்கும் அர்ஜென்ட் கேர் மருத்துவகத்துக்குப் போங்கள். நெஞ்சுவலி என்றால் காப்பீட்டை நினைக்கவே வேண்டாம், 911ஐ அழையுங்கள். பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவசர நோயாளியைப் பரிசோதித்து நிலைமையைச் சீராக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டின் எம்டாலா சட்டம் மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்துகிறது. பில் வரும்தான். வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: குழந்தை பிறந்து 19 நாள் ஆகிறது. பிறப்புச் சான்றிதழும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் வந்த பிறகு அலுவலகக் காப்பீட்டில் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?
வாசகர், ஷார்லட், வட கரோலைனா

பதில்: காத்திருக்கக் கூடாது. அலுவலகத் திட்டத்தில் பிறந்த குழந்தையைச் சேர்க்கச் சட்டம் உறுதி செய்யும் கெடு 30 நாள். அதற்குள் கேட்டுக்கொண்டால் பிறந்த நாளிலிருந்தே காப்பீடு செல்லும். தவறவிட்டால் அடுத்த சேர்க்கைக் காலம் வரை நிற்க வேண்டிவரலாம், முதல் மாதத்துச் செலவெல்லாம் உங்கள் தலையில் விழும். எண்ணைப் பிறகு தரலாம், பெயரும் பிறந்த தேதியும் இப்போதைக்குப் போதும். கடிதம் வந்த அன்றே இவருக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். மறுநாளே சேர்த்துவிட்டதாகப் பதில் வந்தது. பெண் குழந்தையாம்.