உட்கார்ந்து பேசினாலும் தீராத சண்டை

கேள்வி: 25 நிமிடக் குறும்படம் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதியிருக்கிறேன். ஒரே நகரத்தில் இரண்டு முகமூடி நாயகர்கள். ஒருவன் குற்றவாளிகளைப் பிடித்துப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கட்டிப்போடுகிறான், மற்றவன் கொன்றுவிடுகிறான். கிளைமாக்ஸில் இருவரும் மோதுகிறார்கள். படித்துப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்கலாமே?" எங்கே தவறு?

பதில்: உங்கள் நண்பர்கள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள். நாயகனும் நாயகனும் மோதும் கதை புதிதல்ல. 1940-லேயே 'மார்வெல் மிஸ்டரி காமிக்ஸ்' இதழில் ஹியூமன் டார்ச்சும் சப்-மரைனரும் மோதிவிட்டார்கள். அன்று தொட்டு ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது: சந்திப்பு, தவறான புரிதல், அடிதடி, பிறகு கைகுலுக்கல். 2012-ல் வந்த 'தி அவெஞ்சர்ஸ்' படத்தில் தோரும் அயர்ன் மேனும் காட்டில் அடித்துக்கொள்வது இந்த வகைதான். படத்தின் நடுவில், யாருடைய நம்பிக்கையும் பணயத்தில் இல்லாதபோது அது ரசிக்கும்படியே இருக்கிறது. அதையே கிளைமாக்ஸில் வைத்தால் தாங்காது.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். முதல் அடி விழுவதற்குச் சற்று முன் இருவரில் ஒருவர் வாயில் ஒரே ஒரு உண்மை வாக்கியத்தைப் போட்டுப் பாருங்கள். சண்டை நின்றுவிட்டால், உங்களிடம் இருப்பது வெறும் தகவல் குறைபாடு. 2016-ல் வந்த 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' இந்தச் சோதனையில் தடுமாறுகிறது. தாயைக் கடத்திவிட்டார்கள், உதவி வேண்டும் என்று சொல்லத்தான் சூப்பர்மேன் வருகிறான். ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய விஷயம். சொல்லி முடிப்பதற்குள் பேட்மேன் வைத்த பொறிகள் வெடிக்கின்றன, அவனும் கோபப்பட்டு பேட்மேனைத் தள்ளிவிடுகிறான். கடைசியில் 'மார்த்தா' என்ற பெயர், இருவரின் தாய்க்கும் அதுதான் பெயர், காதில் விழுந்ததும் சண்டை நிற்கிறது. ஒரு பெயரால் நிற்கும் சண்டை, அந்தப் பெயரை முன்பே சொல்லியிருந்தாலும் நின்றிருக்கும் என்று பார்வையாளருக்குத் தோன்றிவிடுகிறது.

அதே ஆண்டு வெளியான 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' இதற்கு நேர் எதிர். சைபீரியப் பதுங்குதளத்தில், தன் பெற்றோரை ஸ்டீவின் நண்பன் பக்கி கொல்லும் 1991-ஆம் ஆண்டு வீடியோவை டோனி (அயர்ன் மேன்) பார்க்கிறான். உனக்குத் தெரியுமா என்று ஸ்டீவை (கேப்டன் அமெரிக்கா) கேட்கிறான். ஸ்டீவ் முதலில் மழுப்பி, மறுபடி கேட்டதும் ஆமாம் என்கிறான். அந்த 'ஆமாம்'தான் முதல் அடியைக் கொண்டுவருகிறது. இங்கே பேச்சே சண்டையைத் தொடங்கிவைக்கிறது.

உங்கள் கதையிலும் இப்படி ஓர் உண்மை வேண்டும். போலீஸிடம் ஒப்படைப்பவனுக்கு ஒரு ரகசியம் கொடுங்கள்: அவன் பிடித்துக் கொடுத்த ஒருவன் வெளியே வந்து ஒரு கொலை செய்திருக்கிறான், இவனுக்கு அது தெரியும், மறைத்துவிட்டான். செத்தவன் மற்றவனின் தம்பி. இப்போது உட்கார வைத்துப் பேச விடுங்கள், பேசப் பேசச் சூடு ஏறும். கொல்பவன் தவறுதலாக ஒரு அப்பாவியைக் கொன்றதாக எழுத மட்டும் ஆசைப்படாதீர்கள். அந்த நொடியே வாதம் முடிந்து அவன் வில்லனாகிவிடுவான், மற்றவனுக்கும் யோசிக்க ஒன்றும் மிஞ்சாது.

சட்டத்தைக் கையில் எடுத்தவர்களின் மோதலில் இன்னொரு சிறப்புச் சிக்கல் உண்டு. "உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்ற கேள்வி கேட்டவன் மேலேயே திரும்பி விழும். உங்கள் இரு நாயகர்களுமே சட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள். 'டேர்டெவில்' தொடரின் இரண்டாவது சீசனில் உங்கள் கதைக்கு மிக நெருக்கமான காட்சி இருக்கிறது. குற்றவாளிகளைக் கொல்லும் பனிஷர், கொல்ல மறுக்கும் டேர்டெவிலை மொட்டைமாடியில் சங்கிலியால் கட்டிவைத்து வாதாடுகிறான். நீ அடித்து உள்ளே போடுபவர்கள் மறுபடி வெளியே வருகிறார்கள், நான் முடித்துவைப்பவர்கள் வருவதில்லை என்பது அவன் கட்சி. பிறகு டேர்டெவிலின் கையில் துப்பாக்கியை டேப் போட்டு ஒட்டிவிட்டு, என்னைச் சுடு, இல்லையென்றால் பிணையாக வைத்திருக்கும் இவனைச் சுடுவேன் என்று நெருக்குகிறான். டேர்டெவில் சங்கிலியைச் சுட்டு விடுபடுகிறான், பிணையாக இருந்தவனோ சாகிறான். கொள்கையில் உறுதியாக நின்றவனுக்கு வேறொருவரின் உயிர் விலையாகிறது. உங்கள் திரைக்கதையில் இந்த மூன்றாவது ஆளைக் காணவில்லை. அவர் இல்லாவிட்டால் இது இரண்டு பேரின் சொந்தத் தகராறு.

நேரப் பங்கீட்டையும் பாருங்கள். 25 நிமிடத்தில் சண்டைக்கு 4 நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். இருவருக்கும் தனித்தனியே குறைந்தது 5 நிமிடம் வேண்டும். ஒருவர் பக்கம் மெலிந்தால் சண்டை சாய்ந்துவிடும். 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' திரையரங்கில் 151 நிமிடம் ஓடியது, பிறகு வந்த நீள வடிவம் அதைவிட அரை மணி நேரம் அதிகம். நிருபர் கிளார்க் (முகமூடியில்லாத சூப்பர்மேன்தான்), பேட்மேனைப் பற்றி அவனுடைய காத்தம் நகர மக்களிடம் விசாரிக்கும் காட்சிகள் நீள வடிவத்தில் திரும்பி வந்ததும் சூப்பர்மேனின் கோபத்துக்கு வேர் கிடைத்தது. உங்கள் படத்தில் எதை வெட்டினாலும் இப்படிப்பட்ட காட்சிகளை வெட்டாதீர்கள்.

சண்டையைக் கட்டங்களாகப் பிரியுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது ஒன்று போக வேண்டும். 'சிவில் வாரில்' விமான நிலையத்தில் ஆறுக்கு ஆறாக மோதும்போது கிண்டல் பேச்சு கூட இருக்கிறது. டோனி அணியின் விஷன் குறி தவறித் தன் அணியைச் சேர்ந்த ரோடியையே வீழ்த்தியதும் விளையாட்டு முடிந்தது. அடுத்த மோதலில் மூன்றே பேர், மூடிய கான்கிரீட் சுவர்கள். பக்கியின் இரும்புக் கை போகிறது, டோனியின் ஹெல்மெட் பிய்கிறது, ஸ்டீவின் கேடயம் தரையில் கிடக்கிறது. இடம் சுருங்கச் சுருங்க மோதல் அந்தரங்கமாகிறது. நீங்களும் மொட்டைமாடியில் தொடங்கி மாடிப்படியில் முடிக்கலாம், செலவும் குறையும்.

முகமூடி கண்ணை மறைத்தால் நடிப்பு போய்விடும். இரண்டாவது கட்டத்தில் ஒருவன் முகமூடி பாதி கிழியட்டும், கடைசியில் இருவர் முகமும் தெரியட்டும். இருவருக்கும் இருட்டு நிற உடை கொடுத்து இரவில் எடுத்தால் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே புரியாது. ஒருவனுக்கு நீள அங்கி, மற்றவனுக்கு உடம்போடு ஒட்டிய ஜாக்கெட் என்று நிழலுருவிலேயே வித்தியாசம் வையுங்கள். ஒருவன் ஃப்ரேமில் இடப்பக்கம் என்றால் கடைசிக் கட்டம் வரை அங்கேயே இருக்கட்டும். ஒவ்வொரு கட்டத்தையும் இடம் முழுவதும் தெரியும் ஒரு வைட் ஷாட்டில் தொடங்குங்கள்.

இறுதியாக, உங்கள் 22-ஆம் பக்கத்தில் வரும் அந்தப் பெரிய தாதா. அவன் வந்ததும் இருவரும் சேர்ந்துகொள்கிறார்கள், கொல்லலாமா கூடாதா என்ற கேள்வி காணாமல் போகிறது. 'சிவில் வாரில்' பொது எதிரிகளாக பக்கியைப் போன்ற ஐந்து சூப்பர் சோல்ஜர்கள் காத்திருப்பதாக நம்பவைத்து, போய்ப் பார்த்தால் எல்லோரும் ஏற்கெனவே சுட்டுக் கொல்லப்பட்டிருப்பார்கள். தப்பிக்கும் கதவை அந்தப் படமே மூடிவிடுகிறது. உங்கள் தாதாவையும் இருவரும் போய்ச் சேரும்போது செத்துக் கிடப்பவனாக மாற்றுங்கள். அவனைச் சுற்றி எழுதிய 3 பக்கங்களை, தம்பியின் மரணத்தை மறைத்தவன் அதை வாய்விட்டுச் சொல்லும் காட்சிக்குக் கொடுங்கள்.