ரவுடிக்கு சட்டமா?

கே: துப்பாக்கி சட்டத்த டைட் பண்ணா நெஜமாவே க்ரைம் குறையுமா சார்? ரவுடி எப்படியும் கள்ளத்துப்பாக்கி வாங்கிடுவானே?

ப: வாங்குவான்தான், ஆனா ஈஸியா கெடைக்கறதுக்கும் அலைஞ்சு திரிஞ்சு வாங்கறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல. ஆஸ்திரேலியால 1996ல போர்ட் ஆர்தர்ல ஒருத்தன் 35 பேர சுட்டுக் கொன்னதும் அரசாங்கமே காசு குடுத்து சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிய வாங்கி அழிச்சுது, அப்புறம் துப்பாக்கி சாவு, முக்கியமா தற்கொலை, நல்லாவே குறைஞ்சுது (ஏற்கனவே குறைஞ்சுட்டுதான் இருந்துச்சுன்னு சண்டை போடறவங்களும் உண்டு, அதுவும் பொய்யில்ல). அமெரிக்கா கதை வேற. சிகாகோல ரூல்ஸ் ஸ்ட்ரிக்ட், பக்கத்து மாநிலம் இண்டியானால லூஸ், அங்க ஆள் வச்சு வாங்கி கார்ல போட்டுட்டு வந்துடறாங்க, அப்புறம் சிகாகோல இன்னும் துப்பாக்கிச்சூடு நடக்குதேன்னு காட்டி சட்டமே வேஸ்ட்னு பேசறது போங்காட்டம். பிக்பாக்கெட், திருட்டெல்லாம் இதனால குறையும்னு நான் நம்பல. ஆத்திரத்துல நடக்கற கொலைதான் குறையும், கத்திக்குத்துன்னா பொழைக்கறதுக்கு சான்ஸ் ஜாஸ்தி.