தோட்டம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் பின்புறம் வெறுமனே கிடக்கும் நிலத்தில் பிள்ளைகளைக் கொண்டு காய்கறித் தோட்டம் போட எண்ணியிருக்கிறோம். மகளிர் குழுப் பெண்கள், சத்துணவு அமைப்பாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எனச் சிலர் முன்வந்துள்ளனர். தோட்ட வேலையையும் நல்ல உணவுப் பழக்கத்தையும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க இவர்களை எவ்வாறு பயிற்றுவிப்பது?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: முன்வந்தவர்களில் பலர் வயல் வேலை அறிந்தவர்களாகவே இருப்பார்கள், அவர்களுக்கு விதைக்கக் கற்றுக்கொடுப்பதாகப் பயிற்சியைத் தொடங்கினால் முதல் நாளிலேயே சலித்துவிடுவார்கள். பிள்ளை கோணலாகப் போட்ட பாத்தியைத் தாம் நேராக்காமல் பொறுத்திருப்பதற்குத்தான் அவர்களுக்குப் பயிற்சி தேவை. ஆகவே, உரைகளைக் குறைத்துக்கொண்டு, ஒருவர் பிள்ளையாகவும் மற்றவர் சொல்லிக்கொடுப்பவராகவும் மாறி மாறி மண்ணில் இறங்கிச் செய்து பார்க்கட்டும். சொல்லிக்கொடுப்பவர் களைக்கொத்தைக் கையில் வாங்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனை போதும். ஆசிரியர்களுக்கே இது மிகக் கடினமாக இருக்கும்.

எதைப் பயிரிடுவது என்பதைப் பிள்ளைகளின் பொறுமையை வைத்து முடிவு செய்யுங்கள். வெந்தயக் கீரையையும் சிறுகீரையையும் மூன்று, நான்கு வாரங்களில் பறித்துவிடலாம். வெண்டை காய்க்க ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆகும். நாற்றுவிட்டு நட வேண்டிய கத்திரியை அடுத்த பருவத்துக்கு ஒத்திப் போடலாம். நம் பகுதிச் சரளைச் செம்மண்ணில் நீர் நிற்காது என்பதால் மக்கிய தொழு உரமும் இலைதழை மூடாக்கும் இன்றியமையாதவை. சத்துணவுக் கூடத்தில் அரிசியும் காயும் கழுவிய நீரைப் பாத்திக்குத் திருப்பிவிடலாம். சோப்பு கலந்த நீர் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரை விதை அடித்துச் செல்லப்படாதிருக்கப் பாத்தியை மேடாக்க வேண்டும். கோடை விடுமுறையில் தோட்டம் காயத்தான் செய்யும். ஓரத்தில் ஊன்றிய முருங்கைப் போத்து மட்டும் தாக்குப்பிடித்தாலே போதுமானது.

உணவைப் பொறுத்தவரை, சத்துகளின் பட்டியலை ஒப்பிக்கப் பெரியவர்களைப் பழக்காதீர்கள். நாளொன்றுக்கு ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் குறைந்தது 350 கிராமும், பத்து வயதுக்கு மேல் 400 கிராமும் காய்கனி வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பள்ளித் தோட்டம் இவ்வளவையும் விளைவித்துத் தராது. பிள்ளையின் நாக்கைப் பழக்குவதே அதன் வேலை. புதிய சுவையைப் பிள்ளை பல முறை மறுத்த பிறகே ஏற்கும் என்பதையும், வற்புறுத்தாமல் ஒவ்வொரு முறையும் சிறிதளவே பரிமாற வேண்டும் என்பதையும் பெரியவர்கள் அறிந்திருக்க வேண்டும். கீரையைத் தின்றால் மிட்டாய் என்று ஆசை காட்டினால் கீரை தண்டனையாகிவிடும். பிள்ளைகள் பறித்த வெண்டையை அன்றே அரிசி கழுநீரில் மண்டிக் குழம்பாக வைத்து, பெரியவர்களும் உடனமர்ந்து உண்ண வேண்டும். தாம் தொடாத கீரையைப் பிள்ளைக்குப் பரிந்துரைப்பவரைப் பிள்ளை நம்பாது. கீரையை வேகவைத்த நீரைக் கொட்டிவிடாமல், சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைக்கச் சமையலருக்கும் சொல்லுங்கள்.

பயிர் பற்றிய ஐயங்களுக்குக் குன்றக்குடியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

கேள்வி: பள்ளித் தோட்டத்தில் பூச்சி மருந்து அடிக்கலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் ரசாயன மருந்து கூடவே கூடாது. ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் வீதம் இடித்த வேப்பம்பருப்பை இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, மாலை வேளையில் பெரியவர்களே தெளிக்கட்டும். புழுவைக் கையால் பொறுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். அதை அவர்கள் மகிழ்ச்சியுடன் செய்வார்கள்.