காலிக் கட்டம்

அன்புள்ள ஐயா,

ஆத்தூர்க்காரன் நான், சேலத்தில் மென்பொருள் வேலை. ஜவ்வரிசி ஆலை ஒன்றின் கொள்முதல் டேட்டாபேஸை ஏஐ ஏஜென்ட் தானே துழாவிப் பார்க்க மூன்று கருவிகள் எழுதியிருக்கிறேன். ஒன்று டேபிள்களைப் பட்டியலிடும், ஒன்று டேபிளின் அமைப்பைக் காட்டும், ஒன்று குவெரியை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை, ஓட்டும். ஏஜென்ட் படித்துப் பயன்படுத்த இவற்றுக்கு விளக்கம் எழுதச் சொல்கிறார்கள். தமிழிலா, ஆங்கிலத்திலா? எவ்வளவு நீளம்? 'எதையும் அழிக்காதே' என்று எழுதினால் போதுமா? 'பி.டி.', 'லோடு', 'தேதி' என்று நெடுவரிசைகளுக்குப் பெயர் இருக்கிறது. ஏஜென்டை இயக்கும் ஏஐ மாடல் புத்திசாலிதானே, பெயரை வைத்தே புரிந்துகொள்ளாதா? ஆலைக் கணக்கு பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்ததால் கேட்கிறேன்.

எம்.

அன்புள்ள தம்பி,

மொழி எதுவானாலும் ஏஜென்ட் படித்துக்கொள்ளும். நாளைக்கு அதைத் திருத்தப்போகிறவருக்கு எது கைவருமோ அதில் எழுதுங்கள். கருவியின் விளக்கம் ஒவ்வொரு முறையும் மாடலின் முன்னால் போய் இடத்தை அடைக்கும், அதனால் வளர்த்த வேண்டாம். 'அழிக்காதே' என்று எழுதுவது காவல் ஆகாது. டேட்டாபேஸைப் படிக்க மட்டும் உரிமையுள்ள இணைப்பைக் கொடுங்கள்.

'மாடல் புத்திசாலிதானே' என்ற வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. ஆத்தூர்ப் பிள்ளை இப்படிக் கேட்கலாமா? 'பி.டி.' என்றால் பாயின்ட், கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று ஆலையில் சோதித்துச் சொல்லும் எண். ஒரு பாயின்டுக்கு இத்தனை ரூபாய் என்றுதான் மரவள்ளிக்கு விலை பேசுகிறார்கள். உங்கள் ஊரில் இது டீக்கடைப் பேச்சு. ஊர் உலகத்தையெல்லாம் படித்த மாடல் அதைப் 'பேமென்ட் டைப்' என்று எடுத்துக்கொண்டால் குற்றம் அதனுடையதா? சொல்லாமல் விட்டவர் நீங்கள்.

எனக்குப் பதினேழு வயதில் ஓர் அரவை சீசன். ஆலைக் கணக்குப்பிள்ளை கண் ஆபரேஷனுக்குப் போனதால், ஒரு மாதம் பேரேட்டைப் பார்த்துக்கொள்ள அப்பா என்னை உட்காரவைத்தார். கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து கிழங்கு போட்ட ஒருவருக்குப் பாயின்ட் கட்டம் காலியாக இருந்தது. வேறு சில வரிகளில் அதே இடத்தில் ஒரு கோடு இருந்தது, அவையெல்லாம் தள்ளுபடியான லோடுகள். காலியும் கோடும் ஒன்றுதான் என்று நானே முடிவுசெய்து, பட்டுவாடா பட்டியலில் அவர் பெயரை விட்டுவிட்டேன். சனிக்கிழமை காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை நின்றார். "கணக்குல இல்லைங்க" என்றேன். தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார்.

கணக்குப்பிள்ளை திரும்பி வந்து பார்த்தார். "காலியா இருந்தா இன்னும் சோதிக்கலைன்னு அர்த்தம் கண்ணு. கோடு போட்டாத்தான் தள்ளுபடி." எங்கேயாவது எழுதி வைத்திருக்கலாமே என்றேன். "எனக்குத்தான் தெரியுமே, எதுக்கு எழுதோணும்?" என்றார். பணம் அடுத்த வாரம் அந்த விவசாயிக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் மட்டும் அதற்குப் பிறகு எங்கள் ஆலைக்குக் கிழங்கு கொண்டுவரவில்லை.

உங்கள் டேபிளிலும் அந்தக் காலிக் கட்டம் இருக்கிறது. சோதிக்காத லோடுக்கு 'நல்' என்ற வெற்று மதிப்பா, பூஜ்யமா, எழுத்தில்லாத வெறும் சரமா? சராசரி எடுக்கும்போது டேட்டாபேஸின் கேள்விமொழியான எஸ்க்யூஎல் 'நல்'லைத் தாண்டிப் போய்விடும், பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள்ளும். பதிகிறவர் பூஜ்யம் அடித்திருந்தால், இந்த வருடம் கிழங்கில் சத்தே இல்லை என்று ஏஜென்ட் சரளமாக அறிக்கை எழுதித் தரும். ஆலைக்காரர் அதை நம்பி விலையைக் குறைப்பார். அங்கேயும் யாரோ ஒருவர் துண்டை உதறிக்கொண்டு போவார். இது உங்களுக்குப் பதறவில்லையா?

எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் டேபிள் அமைப்பைக் கேட்டால் பெயர், வகை, காலியாக விடலாமா, தானாக விழும் மதிப்பு, வரியை அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி இவைதான் வரும். அர்த்தம் வராது. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு மென்பொருள் என்றால் நெடுவரிசைக்கே குறிப்பு ஒட்டிவைக்கும் கட்டளை இருக்கிறது. எஸ்க்யூலைட்டில் அது கிடையாது. ஆனால் டேபிளை உருவாக்கிய கட்டளையை, அதற்குள் நீங்கள் எழுதிய குறிப்புகளோடு, அது அப்படியே பாதுகாத்து வைக்கிறது. 'பாயின்ட், காலி என்றால் இன்னும் சோதிக்கவில்லை' என்று அங்கே எழுதி, உங்கள் இரண்டாவது கருவி அந்த மூலத்தையே காட்டும்படி செய்யுங்கள்.

மூன்றாவது கருவியிலும் இதே காலிதான். வரி ஒன்றும் வராவிட்டால் 'பொருந்தும் வரி இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். நூறு வரியோடு நிறுத்தினால், நிறுத்திவிட்டேன் என்று விடையிலேயே சொல்லவேண்டும். இல்லாவிட்டால் ஆலைக்கு நூறு விவசாயிகள்தான் என்று ஏஜென்ட் எண்ணிக்கொள்ளும்.

இந்த வாரமே ஆலைக்குப் போங்கள், தம்பி. பதிவு போடுகிற அம்மாவோ ஐயாவோ யாராயிருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு நெடுவரிசையையும் விரல் வைத்துக் கேளுங்கள். "எனக்குத்தான் தெரியுமே" என்பார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அங்கேயே எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பி.டி. வரியைத்தான் முதலில் பார்ப்பேன்.