என் தம்பி, மனிதன் எதற்காக வாழ்கிறான் என்று கேட்கும் இருத்தலியல் நாவல்களைப் படித்துவிட்டு "வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லை" என்கிறான். புத்தகங்களைப் பிடுங்கி வைக்கலாமா?

வேண்டாம். வீட்டில் எல்லோரும் அவனைத் திட்டி ஓய்ந்த பிறகுதான் இங்கே கேட்க வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அந்தத் தம்பியாக இருந்தவன்தான்.

எனக்குப் பாம்பன். அப்பா ஒரு ஜனவரியில் இறந்தார். அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். அழுகை வரவில்லை. ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன், குழி வெட்ட ஆள் பிடித்தேன், பந்தல்காரரிடம் பேசினேன். நடுவில் யாரோ நீட்டிய டீயை வாங்கிக் குடித்தேன். ஊர் அந்த டீயைப் பிடித்துக்கொண்டது. "அப்பன் பொணத்துக்கிட்ட நின்னு டீ குடிக்கிறான், கல்லு மாதிரி இருக்கான்" என்றார் சித்தப்பா. எனக்குப் பாசமே கிடையாது என்று நானும் நம்பிவிட்டேன்.

படிப்பை விட்டுவிட்டு விசைப்படகுக்குப் போனேன். ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சும்மா கிடந்த அந்த நாட்களில்தான் 'அந்நியன்' நாவல் கைக்கு வந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு எழுதி 1942-இல் வெளிவந்ததை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்க, 1980-இல் க்ரியா பதிப்பகம் வெளியிட்டது. காம்யு இருத்தலியல்வாதியே இல்லை, அவரே அதை மறுத்தவர் என்று யாராவது திருத்த வருவார்கள். தெரியும். உங்கள் தம்பி படிப்பதிலும் இந்த நாவல் இருக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்.

அதில் கதாநாயகன் மெர்சோ தாயின் சவப்பெட்டி அருகே உட்கார்ந்து பால் காபி குடிக்கிறான். பிறகு கடற்கரையில் ஒருவனைச் சுட்டுக் கொன்ற வழக்கில், அந்தக் காபியையே அவனுக்கு எதிராக அரசு வழக்கறிஞர் எடுத்துவைக்கிறார். அந்த இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. கொலைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. செத்தவனுக்கு நாவலில் ஒரு பெயர்கூட இல்லை, அது இன்றும் உறுத்துகிறது.

ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. அம்மாதான் கேட்டாள், "அப்புடி என்னடா இருக்கு அதுல?"

அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவள். தடைக்காலம் முடியப்போகிறது என்று, பாறை கிழிக்காமலிருக்க விரலில் சுற்றும் துணிக்காகப் பழைய சேலையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து, ஜெல்லி செய்யும் அகர் அகர் எடுக்கிறார்கள். மூச்சடக்கி முங்கி எடுத்து வருகிறவளிடம், ஈரம் என்றும் மண் என்றும் சொல்லி வியாபாரி எடையைக் கழிப்பான். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் அந்த அநியாயத்தைச் சொல்லாமல் தாண்டிப்போக மனசு வரவில்லை.

கதையைச் சொன்னேன். காபி வந்ததும் அவள் கை நின்றது.

"நீ குடிச்ச டீ நான் குடுத்துவிட்டதுடா. விடிஞ்சதுலேர்ந்து பச்சத்தண்ணி படாம அலையிறியேன்னு, பொணத்துக்கிட்ட உக்காந்துக்கிட்டே உன் அத்தைகிட்டச் சொல்லிவிட்டேன்."

ஐந்து மாதமாக அது எனக்குத் தெரியாது.

நான் டாக்டர் இல்லை. தம்பி சாப்பிடாமல், தூங்காமல் கிடந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இல்லையென்றால் இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கதை என்று கேளுங்கள். முழுதாகச் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசாதீர்கள்.