சர்க்கரை ஏறுகிறது, மனிதர் பேசுவதில்லை

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. பாலக்கோடு பக்கம் தக்காளி விவசாயம். ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறார். சில மாதங்களாக யாரிடமும் பேச்சில்லை. விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார், பாதம் எரிகிறது என்கிறார். மண்டிக்கும் மகனைத்தான் அனுப்புகிறார். மாத்திரையைக் கூட்டியும் சர்க்கரை 300-க்குக் கீழே வரவில்லை. காத்து கருப்பு என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: மாத்திரையைக் கூட்டுவது இருக்கட்டும். கொடுத்ததை அவர் போடுகிறாரா? சர்க்கரை குறையவில்லை என்று வருபவர்களின் மஞ்சள் பையைக் கவிழ்த்தால், பிரிக்காத அட்டைகள் பாதிக்குப் பாதி விழும். மறதி என்பார்கள். பல பேருக்கு அது மறதி இல்லை, ‘போட்டு என்ன ஆகப்போகுது’ என்கிற அலுப்பு.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மனச்சோர்வு நோய் மாதிரித்தான் தெரிகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. மாரடைப்பு வந்தவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், ஃப்ளோரைடு தண்ணீரால் மூட்டு இறுகி வருடக்கணக்காக வலியோடு இருக்கும் நம் பக்கத்து ஆட்கள் என்று பலரிடமும் பார்க்கலாம். ஒன்று இன்னொன்றை வளர்க்கும். எரியும் பாதம் தூக்கத்தைக் கெடுக்கும்; தூக்கம் கெட்டால் மனம் சோரும்; மனம் சோர்ந்தால் நடையும் பத்தியமும் போகும். போதாததற்கு உடம்பில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடி அதுவும் சர்க்கரையை ஏற்றும்.

அதற்காக எல்லாவற்றையும் மனசு மேல் போட்டுவிட வேண்டாம். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் போட்டால் வைட்டமின் பி12 குறையலாம். சோர்வு, பாத எரிச்சல் இரண்டுமே அதனாலும் வரும். பி12, தைராய்டு, ரத்த அளவு (ஹீமோகுளோபின்) மூன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை இருப்பதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சில மனநல மாத்திரைகள் எடையையும் சர்க்கரையையும் கூட்டும். டுலாக்ஸெடின் போன்றவை பாத எரிச்சலுக்கும் மனச்சோர்வுக்கும் சேர்த்தே கேட்கும். எது பொருந்தும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அடிமையாக்கிவிடும் என்ற பயம் வேண்டாம். ஆனால் கொஞ்சம் தெளிந்ததும் நீங்களாக நிறுத்தவும் கூடாது. மாமியார் கோயிலுக்குக் கூட்டிப் போகட்டும், மாத்திரை நிற்காமல் இருந்தால் சரி.

மக்களைத் தேடி மருத்துவம் (2021-ல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள்) ஊழியர் உங்கள் வீட்டுக்கு வருகிறாரா? விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார். மனிதர் சிரித்து எத்தனை நாளாச்சு என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் பூச்சி மருந்தைப் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ‘செத்துப்போயிடலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆமாம் என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ராத்திரி நேரமானாலும் அரசின் மனநல உதவி எண் 14416-ல் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.