5,000 வெள்ளி கொடுத்து அக்கா மகனுக்கு வேலையா?

கேள்வி: புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் அக்கா மகனுக்கு 16 வயது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவனை ஓர் ஏஜென்ட் சுற்றுலா விசாவில் மலேசியாவின் ஜொகூரில் உள்ள ஓர் உணவகத்துக்குக் கொண்டுபோய்விட்டார். பிடிபட்டு, தனியாக ஊர் திரும்பி மூன்று மாதம் ஆகிறது. யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. சிங்கப்பூரில் வேலை வாங்கித் தருவதாக இன்னொருவர் 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், ஈசூன்)

பதில்: கொடுக்காதீர்கள். இங்கே சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டுக்குக் குறைந்தது 18 வயது ஆகியிருக்க வேண்டும். 16 வயதுப் பையனுக்கு வேலை என்று ஒருவர் சொன்னால், பாஸ்போர்ட்டில் பிறந்த தேதியை மாற்றத் தயாராக இருக்கிறார் என்றுதான் பொருள். மாட்டினால் அவர் ஓடிவிடுவார், பையன் நிற்பான். "முன்பணம் வேண்டாம், சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன்" என்பவரிடம் இன்னும் கவனம் தேவை. அந்தக் கடன்தான் பிள்ளைகளைச் சமையல்கட்டை விட்டு நகரவிடாமல் வைக்கிறது. ஊரில் "கேஸை முடித்துத் தருகிறேன்" என்றும் ஒருவர் வருவார். அவருக்கும் ஒரு காசு தர வேண்டாம்.

சரி, செய்ய வேண்டியது என்ன? குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அக்காவை அழைக்கச் சொல்லுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலம் பையனை, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவிடம் அழைத்துப் போகலாம். கட்டணம் கிடையாது. கிராமத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால், மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும். பிள்ளையைக் கொண்டுபோகிறவனுக்கு எல்லாம் சட்டென நடக்கிறது, திரும்பி வந்த பிள்ளைக்கு ஒரு கையெழுத்து வாங்க இத்தனை அலைச்சல். எனக்கு வயிறு எரிகிறது.

படிப்புக்கு, தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவது எழுதலாம். எட்டாவது முடித்தவர்களைச் சேர்க்கும் ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலைய) பிரிவுகளும் உண்டு.

குழுவிடம் போனால் குழந்தைகள் இல்லத்தில் போட்டுவிடுவார்கள் என்று அக்கா பயப்படலாம். பெரும்பாலும் பெற்றோரிடமே அனுப்புவார்கள். ஒரு விஷயத்தை மட்டும் விசாரியுங்கள்: அந்த ஏஜென்டிடம் பணம் வாங்கியது வீட்டில் உள்ள ஒருவரா? அப்பாவோ சித்தப்பாவோ வாங்கியிருந்தால், அதே வீட்டில் விடுவது அவனை மறுபடி ஏஜென்டிடம் விடுவதுதான். குடும்ப மானம் போகும் என்று அக்கா இதை மறைக்கக் கூடாது. குழுவிடம் வாய்விட்டுச் சொன்னால்தான் பாட்டி வீடு போன்ற வேறு உறவினரிடம் வைக்க வழி பிறக்கும். சொல்லாததை அவர்களால் எழுத முடியாது.

நீங்கள் பணம் அனுப்புவதானால் அக்கா கணக்குக்கே அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பையனோடு பேசுங்கள். ஜொகூரைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். அவன் ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.